தன் கதையை எழுத நினைக்கும் பென்சன்காரருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் தங்கள் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். சிலர் பேரப்பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறார்கள். சிலருக்குக் கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பிடித்த பழக்கம் இது. ஒருவர் தம்பியோடு உள்ள கோபத்தில் எழுதுகிறார், அதுவும் நல்ல காரணம்தான். என்னிடம் வந்து கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. வாசிகசாலையில் ஒருவருக்குச் சொன்னதைக் கோயில் வீதியில் இன்னொருவருக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில நீங்கள் ஆர்? இதைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி கிடக்கு?

நான் எழுத்தாளன் இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தேன். ஈய எழுத்து போய்க் கணினி வந்த பிறகு புரூவ் பார்த்தேன், அதாவது அச்சுப் பிழை திருத்தினேன். கண் மங்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கோணும்" என்று அம்மா சொன்னதைக் கேட்கவில்லை (கோறணமேந்து என்றால் அரசாங்கம்), அதனால் பென்சனும் இல்லை. காகிதத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சடித்த ஆட்கள் நாங்கள்.

என் கையால் போனவற்றில் பெரும்பகுதி கல்வெட்டுகள். ஊரை விட்டு வெளியே வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் இங்கே கல்வெட்டு என்போம். முகப்பில் படம், தோற்றம், மறைவு. உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவழி, கடைசியில் நன்றி நவிலல். அந்த வாழ்க்கை வரலாற்றை மருமகனோ சங்கத் தலைவரோ அவசர அவசரமாக எழுதித் தருவார். எழுத்தெழுத்தாகக் கோத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயரையும் ஊரையும் மாற்றினால் ஒருவர் வரலாறு அடுத்தவருக்கும் அப்படியே பொருந்தும். எல்லோரும் பண்பாளர், எல்லோரும் விருந்தோம்பலில் சிறந்தவர். காலமெல்லாம் தபால் கந்தோரில் (அலுவலகத்தில்) இருந்த மனிதர் அங்கே என்ன கண்டார் என்று ஒரு வரி இருக்காது. என் கட்சி இவ்வளவுதான்: கல்வெட்டுக்கு விடாதீர்கள், இருக்கும்போதே நீங்களே எழுதுங்கள்.

நான் ஒரு சாதாரண கிளாக்கர். எழுதிறதுக்கு என்னட்டை என்ன கிடக்கு?

பெரிய மனிதர்களின் கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கிளாக்கரின் கதையைக் கிளாக்கர் எழுதாவிட்டால் அது இல்லை. லிகிதர் பரீட்சை எழுதி, காலியிலோ குருநாகலிலோ அநுராதபுரத்திலோ முதல் நியமனம் கிடைத்து, றங்குப் பெட்டியோடு ரெயில் ஏறிய ஒரு தலைமுறை இது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு, சம்பள ஏற்றத்துக்காகச் சிங்களப் பரீட்சைக்கு இரவில் படித்தவர்கள் உண்டு, படிக்க மாட்டேன் என்று உத்தியோகத்தை விட்டவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்? ஏன்? அதை எழுதினாலே சில பக்கம் வரும்.

கொழும்பில் வெள்ளவத்தைச் சம்மரியில், அதாவது உத்தியோகக்காரர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில், எத்தனை பேர் ஓர் அறையில் இருந்தீர்கள், யார் சமைத்தது, வாடகையை எப்படிப் பங்கிட்டீர்கள், அம்மா கொடுத்துவிட்ட பார்சலில் என்ன இருந்தது. மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் எல்லாருக்கும் வந்திருக்கும். புழுக்கொடியல் வந்ததா, பனாட்டு வந்ததா, அதைச் சிங்கள நண்பர் தின்று பார்த்து என்ன சொன்னார்? அப்புறம் 1983. கலவரத்துக்குப் பிறகு அதே கந்தோருக்குத் திரும்பிப் போனீர்களா, இடமாற்றம் கேட்டீர்களா, போனபோது உங்கள் மேசை எப்படி இருந்தது? இதெல்லாம் தெரிந்த ஒருவர் "என்னட்டை என்ன கிடக்கு" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

இதெல்லாம் செத்தாப் பிறகு போடுறது தானே? உயிரோடை இருக்கேக்கை எழுதினால் ஆயுள் குறையும் எண்டு மனிசி பேசுறா.

நீங்கள் வருடாவருடம் கிராம சேவகரிடம் போய், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்து வாங்கிப் பென்சனுக்குக் கொடுக்கிறீர்கள். அதனால் ஆயுள் குறையவில்லை. இதுவும் அந்தச் சான்றிதழ்தான், கொஞ்சம் நீளம். மனிசியிடம் மணிவிழா மலருக்கு என்று சொல்லிப் பாருங்கள். அறுபது தாண்டியிருந்தால் பவள விழா என்று சொல்லுங்கள்.

எங்கையிருந்து தொடங்கிறது? பிறந்ததிலை இருந்தோ?

வெற்றுத் தாளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. சிரிக்க வேண்டாம். முதலில் உங்களுடைய மரண அறிவித்தலை எழுதுங்கள். அந்த அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம்: இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட, காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும். எல்லாம் ஒரே வசனத்தில் முடிந்துவிடும்.

எழுதி முடித்து வாசித்துப் பாருங்கள். நீங்கள் யாருக்கு என்ன முறை என்பது தெரியும், நீங்கள் யார் என்பது தெரியாது. இப்போது அந்த வசனத்தில் வரும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு தலைப்பாக எடுங்கள். "பிறப்பிடமாகவும்" என்ற இடத்தில் அந்த வீடு, கிணறு, ஒழுங்கை, பக்கத்து வளவு. "வசிப்பிடமாகவும்" என்பதற்கும் அதற்கும் நடுவில் நீங்கள் இருந்த இடங்கள் எல்லாம், அறிவித்தலில் வராதவை உட்பட. இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் இருந்த மாதங்களை எந்த அறிவித்தலும் வசிப்பிடம் என்று போடாது. நீங்கள் போடுங்கள்.

பிறப்பில் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்களுக்கு நினைவு இல்லாத நாள் அது. முதல் சம்பளத்தில் தொடங்கலாம், முதல் பயணத்தில் தொடங்கலாம். பேரப்பிள்ளை அடிக்கடி கேட்கிற கதை ஒன்று இருந்தால் அதுவே முதல் அத்தியாயம்.

எனக்கு வருசம் ஒண்டும் நினைவில்லை. எல்லாம் ஒண்டோடை ஒண்டு கலந்து கிடக்கு.

வருட எண் எங்கள் ஒருவருக்கும் நினைவில் நிற்பதில்லை. அப்போது ஊரில் என்ன நடந்தது என்பது நிற்கும். அதைப் பிடித்து வருடத்துக்கு வாருங்கள். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் 1961 பெப்ரவரியில் தொடங்கியது. வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோனது என்றால் பெரும்பாலும் 1964 டிசம்பர், தனுஷ்கோடியை அழித்த அதே புயல். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போனதாக நினைவிருக்கிறதா? குழம்ப வேண்டாம். 1966 தொடக்கம் 1971 வரை வார விடுமுறை சனி, ஞாயிறு இல்லை, நிலாக் கணக்கில் வரும் பௌத்த விடுமுறையான போயாவும் அதற்கு முதல் நாளும்தான். ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று சொல்லி மாற்றியது 1970. பாணுக்குக் கியூவில் நின்றதும், வெங்காயமும் மிளகாயும் விற்ற காசில் பக்கத்து வீட்டுக்காரர் கல்வீடு கட்டியதும் அதற்குப் பிந்திய சிறிமாவோ காலம்.

பிந்திய காலத்துக்கும் அடையாளங்கள் உண்டு. வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் தமிழாராய்ச்சி மாநாட்டுச் சாவுகள் 1974 ஜனவரி 10. பொது நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவு, தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களோடு. இந்திய விமானம் பருப்புப் போட்டது 1987 ஜூன் 4. கரண்ட் போய், ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தது எல்லாம் 1990க்குப் பிறகு. வலிகாமமே ஓர் இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது 1995 ஒக்டோபர் 30. மணிக்கூட்டில் "புது நேரம், பழைய நேரம்" என்று இரண்டு நேரம் இருந்தது 1996க்கும் 2006க்கும் இடையில். அரசாங்கம் நேரத்தை மாற்றியது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் ஏ9 பாதை 2002 ஏப்ரலில் திறந்து 2006 ஆகஸ்டில் பூட்டியது. ரெயில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2014 ஒக்டோபர்.

ஒரு பெரிய கொப்பி எடுத்துப் பக்கத்துக்கு ஒரு வருடம் என்று எண்ணை மட்டும் போடுங்கள். மேலே சொன்னவற்றை அந்தந்தப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு "மூத்தவள் முதலாம் வகுப்பு", "அப்பாவுக்குக் கண் ஒப்பரேசன்" என்று நினைவு வரவர நிரப்புங்கள். அரச உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பென்சன் கடிதத்தையும் பழைய இடமாற்றக் கடிதங்களையும் எடுத்துப் பாருங்கள், எந்தத் திகதியில் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று அவை சொல்லும். அப்படியும் பிடிபடாதவற்றை "1972க்கும் 1975க்கும் இடையில்" என்று எழுதினால் போதும்.

சாதகத்தில ஒரு திகதி, பிறப்புச் சேர்டிபிக்கேற்றில ஒரு திகதி. எதைப் போடுறது?

இரண்டையும். ஆனால் ஏன் வேறுபடுகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு நாள் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் நீங்கள் விடியப்புறம் பிறந்திருப்பீர்கள். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்கும், பதிவுகாரருக்கு நள்ளிரவில். திங்கள் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளை சாதகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை. தமிழ்த் திகதி மட்டும் வேறுபட்டால் ஒருவர் வாக்கிய பஞ்சாங்கமும் மற்றவர் திருக்கணிதமும் பார்த்திருக்கலாம். மாதக்கணக்கில் வித்தியாசம் என்றால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பார்கள். எங்கள் தலைமுறையில் அது சர்வசாதாரணம்.

சாதகத்தில் வருடப் பெயர் மட்டும் இருந்தால் கவனம். துர்முகி என்றால் 1956 ஏப்ரல் முதல் 1957 ஏப்ரல் வரை, ஆனால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். பெட்டகத்தில் கிடந்த துர்முகி ஏட்டைத் தன்னுடையது என்று நினைத்து, 1896இல் பிறந்த பாட்டனாரின் பலனை வாசித்துக் கவலைப்பட்ட ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார்.

95இல உடுத்த உடுப்போடை வெளிக்கிட்டது. படம், கடிதம், அல்பம் ஒண்டும் இல்லை. என்னத்தை வைச்சு எழுதிறது?

உங்களிடம் இருந்தவை போய்விட்டன. நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுத்தவை போகவில்லை. கலியாணப் படத்தின் பிரதி ஒன்று லண்டனில் இருந்த மச்சானுக்கு அனுப்பியிருப்பீர்கள். நீல நிற வான்கடிதத்தில் நுணுக்கி எழுதி அனுப்பிய கடிதங்கள் பெற்றவரிடம்தான் இருக்கும். அவற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்டவர்கள் பலருக்குத் தாங்கள் எழுதியதே திரும்ப வந்திருக்கிறது.

அடுத்தது மலர்கள். பாடசாலை நூற்றாண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய மலர், உறவினர்களின் கல்வெட்டு. நான் குறை சொன்ன அதே கல்வெட்டில் வம்சாவழி மட்டும் பெரும்பாலும் திருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெயர் விடுபட்டால் சண்டை வரும். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட மலர்களும் நினைவு வெளியீடுகளும் வருடி வைத்திருக்கிறார்கள். இலவசமாகப் பார்க்கலாம். பேரப்பிள்ளையிடம் உங்கள் பாடசாலைப் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

ஒன்றும் அகப்படாவிட்டால், இழந்தவற்றின் பட்டியலை எழுதுங்கள். வீட்டில் எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்கியது, அலுமாரியின் மேல்தட்டில் என்ன இருந்தது என்று. நான் புரூவ் பார்த்தவற்றில் மிக நல்ல பக்கங்கள் அப்படி எழுதப்பட்டவை.

யாழ்ப்பாணப் பேச்சிலை எழுதலாமோ? வெளியில இருக்கிற பேரப்பிள்ளையளுக்கு விளங்குமோ?

ஆட்கள் பேசுகிற இடத்தில் பேச்சு, மற்ற இடத்தில் எழுத்துத் தமிழ். அது போதும். பரப்பு, கொத்து, அந்தர் போன்ற அளவுகளை மட்டும் முதலில் வரும் இடத்தில் விளக்கிவிடுங்கள். "எங்களுக்கு நாலு பரப்புக் காணி" என்றால் கனடாப் பிள்ளை தோட்டம் துரவு என்று பெரிதாக நினைக்கும். பதினாறு பரப்புத்தான் ஒரு ஏக்கர்.

கை நடுங்குது, எழுத ஏலாது. சொல்லத்தான் ஏலும்.

சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதியலாம். தனியாக இருந்து சுவரைப் பார்த்துச் சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும், ஆகவே எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். முடிந்தால் கதை தெரியாத ஆளாக இருக்கட்டும், அவர்தான் "அது ஏன்?" என்று கேட்பார். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் வேண்டாம். பதிந்த அன்றைக்கே கோப்புக்குத் திகதியும் விடயமும் பெயராக வையுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது எதுவென்று தேட ஏலாது.

சாதி, சீதனம், காணிச் சண்டை இதெல்லாம் எழுதலாமோ? குடும்ப மானம் போகாதோ?

சாதியை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்து வாழ்க்கை ஒன்றை எழுதுவது, உப்பில்லாமல் ஒடியற் கூழ் காய்ச்சுவது மாதிரி. தேநீர்க் கடையில் யாருக்குக் கிளாஸ், யாருக்குப் போத்தல் என்று இருந்ததைக் கண்டவர்கள் நீங்கள். கிணற்றில் யார் அள்ளலாம், வகுப்பில் யார் நிலத்தில் இருந்தது என்பதும் தெரியும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராடியவர்கள் நின்றார்கள், விடமாட்டோம் என்றவர்களும் நின்றார்கள், வேலிக்கு மேலால் பார்த்தவர்கள்தான் அதிகம். நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். பெருமையாகவோ வெட்கமாகவோ இருக்கலாம், ஆனால் உங்களைப் பற்றி எழுதுங்கள். அடுத்தவர் சாதியைக் கிண்ட இதைச் சாட்டாக வைக்காதீர்கள்.

சீதனத்தை இலக்கத்தோடு எழுதலாம், எவ்வளவு காசு, எத்தனை பரப்பு, எத்தனை பவுண். அந்தக் காலத்தை அறிய அதைவிட நல்ல கணக்கு இல்லை. காணி வழக்கு வேறு. நடந்துகொண்டிருக்கிற வழக்கு என்றால் தொடவே வேண்டாம். முடிந்த வழக்கு என்றாலும், எல்லை இன்னதுதான், முதுசம் (பரம்பரைச் சொத்து) இன்னாருக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதுவது கதை, காணி உறுதிப் பத்திரம் இல்லை. தம்பியோடு கோபத்தில் எழுதுகிறவருக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இயக்கம், ஆமி, இந்தியன் ஆமி பற்றி எழுதினால் பிரச்சினை வருமோ?

சட்டப் பிரச்சினை வருமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது எழுதும் முறை மட்டும். கண்டதையும் கேள்விப்பட்டதையும் ஒரே வசனத்தில் போடாதீர்கள். "நான் கண்டேன்", "அப்போது ஊரில் சொன்னார்கள்" என்று பிரித்தால் எழுத்துக்கு மரியாதை கூடும். உயிரோடிருக்கிற மற்றவர்களின் பெயரை, அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் போடாதீர்கள். பெயரை மாற்றினாலும் ஊரும் உத்தியோகமும் காட்டிக்கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இப்போது வெளியிட ஏலாதவற்றை வேறாக எழுதி உறையில் ஒட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், பலருடைய கையெழுத்துப் பிரதியில் அது காணாமல் போகிறது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லிப் புலிகள் அனுப்பினார்கள். சோனகதெருவில் உங்களுக்குத் தையற்காரர் இருந்திருப்பார், கூடப் படித்தவர் இருந்திருப்பார். ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30 இல் நாங்கள் வெளிக்கிட்டதைப் பத்துப் பக்கம் எழுதுகிறோம். முதல் ஒக்டோபர் 30 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் அல்லது செய்யாமல் விட்டீர்கள் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள்.

என்ரை மகன் போனதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் கை ஓடுதில்லை. அதை விட்டிட்டு எழுதலாமோ?

விடலாம். அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பக்கம் விட்டு, மேலே பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். அச்சகத்தில் இருந்தபோது அப்படி ஒரு பக்கத்தை வெற்றாகவே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். நிரப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எப்போதாவது எழுத வந்தால், அவர் போன விதத்தை விட்டு, அவருக்குப் பிடித்த சாப்பாடு, சைக்கிள், சிநேகிதர்கள் என்று இருந்த விதத்தில் தொடங்குங்கள்.

நான் உத்தியோகம் பாக்கேல்லை, வீட்டிலை இருந்தனான். எனக்கு ஓய்வு எண்டு ஒண்டும் இல்லை. நானும் எழுதலாமோ தம்பி?

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவிடம் நான் திருப்பிக் கேட்டேன்: பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் எப்படி உடுப்புத் தோய்த்தீர்கள், மண்ணெண்ணெய்க் கணக்கை யார் பார்த்தது? அவர் நிறுத்தாமல் பேசினார். வீட்டுக்காரருக்கு அதில் பாதி தெரியவில்லை.

ஆண்கள் எழுதியவற்றில் வீடு தானாக நடக்கும், பிள்ளைகள் தாமாக வளர்வார்கள், மனிசி "உறுதுணையாக" இருப்பார். அந்த ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கோத்துக் கோத்து எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே கட்டாயம் எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்பதற்கு மேலே சொன்ன மரண அறிவித்தல் முறை உங்களுக்கு உதவாது, அதில் உங்கள் பேரைவிட மற்றவர்கள் பேர்தான் அதிகம் வரும். நீங்கள் அடுப்பில் தொடங்குங்கள்: விறகு, உமி, மண்ணெண்ணெய், காஸ் என்று அடுப்பு மாறிய ஒழுங்கில் உங்கள் வாழ்க்கை இருக்கும்.

நான் எண்பத்தைஞ்சிலை வெளிநாடு வந்தனான். "சண்டைக்குள்ளை இருக்காதவனுக்கு என்ன கதை" எண்டு ஊரிலை சொல்லுறாங்கள்.

சொல்வார்கள். நீங்கள் இல்லாத வருடங்களை இருந்தவர் போல எழுதினால் அவர்கள் சொல்வது சரியாகிவிடும். நீங்கள் இருந்த இடத்தை எழுதுங்கள்: எந்த நாட்டில் எந்தக் குசினியில் கோப்பை கழுவினீர்கள், 1995இல் செய்தி எப்படி வந்தது, தொலைபேசி இல்லாத ஊரில் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று எத்தனை நாள் கழித்துத் தெரிந்தது, அனுப்பிய காசு யார் கையால் எப்படிப் போய்ச் சேர்ந்தது. அது ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியாத பாதி.

அண்ணை இதே சம்பவத்தை வேற மாதிரிச் சொல்லுறார். ஆற்றை கதை சரி?

வருடத்தில் முரண் என்றால் கொப்பி முறையை இரண்டு பேரும் சேர்ந்து செய்து பாருங்கள், பெரும்பாலும் தீரும். நடந்த விதத்தில் முரண் என்றால் இரண்டையும் போடுங்கள்: "நான் இப்படி நினைக்கிறேன், அண்ணை அப்படிச் சொல்கிறார்." உங்களுக்கு அப்போது ஆறு வயது, அவருக்குப் பதினான்கு என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், வாசிக்கிறவர் தானே தீர்மானிப்பார். அண்ணையைக் கேட்காமல் அச்சடித்துவிட்டுப் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள்.

சங்கக் கூட்டத்திலை எழும்பி என்னை அறிமுகப்படுத்தச் சொன்னால் என்ன சொல்லுறது? அஞ்சு நிமிசம்தான்.

பதவிகளை வரிசையாகச் சொன்னால் மூன்றாவது பதவியில் சபை கச்சானுக்குப் போய்விடும். ஓர் இடம், ஒரு வேலை, கேட்க ஆசை வரும் ஒரு விடயம். மூன்று போதும். நீர்ப்பாசனத்தில் படவரைஞராக இருந்த ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது:

"நான் தெல்லிப்பளை. 90இல் விட்டு வந்த வீட்டைத் திரும்பப் போய்ப் பார்த்தபோது கிணறு மட்டும் நின்றது. நடுவில் வன்னியில் வாய்க்கால் வரைந்துகொண்டிருந்தேன். நான் வரைந்ததில் ஒன்றில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. இன்னொன்றில் ஒருநாளும் ஓடவில்லை, அது ஏன் என்று தேநீருக்குப் பிறகு கேளுங்கள்."

கூட்டம் முடிந்து அவரைச் சுற்றி நின்றார்கள். அவர் சொன்ன பதிலைத்தான் பிறகு முதல் அத்தியாயமாக எழுதினார்.

புத்தகமாப் போடத்தான் வேணுமோ? எத்தினை பிரதி?

வேண்டும் என்றில்லை. கணினியில் அடித்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிப் பிள்ளைக்கு ஒன்று கொடுத்தாலும் கதை இருக்கும். அச்சடிப்பதானால் உறவு, சிநேகிதம், பாடசாலை, வாசிகசாலை என்று பெயர் எழுதி எண்ணிப் பார்த்து அவ்வளவு மட்டும் அடியுங்கள். வெளியீட்டு விழாவுக்கு ஆசைப்பட்டு நிறைய அடித்தவர்கள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கறையான் தின்கிறது. நூல் எண் தேவை என்றால் கொழும்பில் தேசிய நூலகம் கொடுக்கிறது. மேலே சொன்ன இணைய நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கறையான் அங்கே போகாது.

எழுதி முடிச்சிட்டன். நீங்கள் பாத்துத் திருத்தித் தருவியளோ?

தருவேன். காசு வேண்டாம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், வரிக்கு வரி இடைவெளி விட்டு, பெரிதாக எழுதிக் கொண்டுவாருங்கள், என் கண்ணுக்கு அதுதான் ஏலும். எழுத்துப் பிழையும் பெயர்ப் பிழையும் திகதி முரணும் பார்ப்பேன். நடையில் கைவைக்க மாட்டேன். "பண்பாளர்", "உறுதுணை", "விருந்தோம்பல்" மூன்றையும் கண்டால் மட்டும் கேட்காமல் வெட்டுவேன். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முதல் நித்திரை.